இலையைப் பார்த்து நகை செய்வோம்

(நமது அறக்கட்டளையின் மகளிர் கைத்தொழில் பயிற்சித் தொடக்க நாளன்று, பயிற்சியளிக்கும் சகோதரி உத்தமபாளையத்தில் ஆற்றிய உரை. பேசிய போக்கிலேயே தரப்படுகிறது.)



பாலிமர் களிமண்ணில் நகை செய்வது எப்படி என்று அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். செய்முறையை அடுத்த வாரத்திலிருந்து மேசையில் உட்கார்ந்து கையோடு கையாகப் பழகிக்கொள்ளலாம். தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன். எனக்கு அவற்றை யாரும் சொல்லவில்லை. அதனால் நான் பட்ட பாடும் இதில் வரும்.

முதலில் ஒரு கேள்வி. ஏலக்காய்க்கு எத்தனை பக்கம்?

முன்வரிசையில் "உருண்டைதானே" என்கிறார்கள். அங்கே பின்னால் "மூணு பட்டை" என்று ஒரு குரல் வந்ததே, யார் அது? நீங்களா அக்கா? மலைக்கு வேலைக்குப் போனவர்களா? பதினெட்டு வருஷமா! எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்னதுதான் சரி. ஏலக்காய் மூன்று பட்டையாக இருக்கும். தோலில் நெடுக மெல்லிய கோடுகள் ஓடும். ஒரு நுனியில் காம்பு, மறு நுனியில் காய்ந்த பூவின் மிச்சம். நம் ஊரிலிருந்தும், கம்பத்திலிருந்தும், போடியிலிருந்தும் விடியுமுன்னே ஜீப் ஏறி இடுக்கி மலைக்கு ஏலத் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனையோ பேர். ஏலக்காய் தலைக்கு மேலே காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. குனிந்தும் குத்தவைத்தும் பறித்தவர்களுக்கு அந்தக் காய் விரலிலேயே பதிந்திருக்கும். நமக்கோ டீயில் போடுமுன் தட்டிவிடுகிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் ஏலக்காய்க் காதணி செய்தபோது, அடுக்களை டப்பாவில் காய் இருந்தும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. போனில் வந்த வீடியோவைப் பார்த்துச் செய்தேன். என் நன்னி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன தாயி, பூசணி விதையா?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில்தான் எனக்குப் புத்தி வந்தது. அதற்குப் பிறகு எதைச் செய்வதானாலும் அந்தச் சாமானை எதிரே வைத்துக்கொள்ளாமல் உட்காருவதில்லை.

திராட்சையும் அப்படித்தான். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் பந்தலுக்கு அடியில் நடந்தே வளர்ந்தவர்கள். இருந்தாலும், திராட்சை இலையை வரையுங்கள் என்றால் பாதிப்பேர் பூவரச இலையை வரைந்துவிடுவோம். திராட்சை இலையில் காம்பு சேரும் இடத்திலிருந்து ஐந்து பெருநரம்புகள் விரல்களைப்போல விரிந்து போகும். ஓரம் முழுக்க அரம் போலப் பற்கள். கொடியைப் பற்றிக்கொள்ளும் சுருள் கம்பி இலையின் நுனியிலிருந்து வருவதில்லை. தண்டில் இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. கடையில் விற்கிற காதணிகள் பலவற்றில் இலை நுனியில் சுருள் தொங்கும். பந்தல் வேலை தெரிந்த ஒரு பெண் பார்த்தால் சிரித்துவிடுவாள். பழத்தின் நிறமும் வெறும் ஊதா கிடையாது. கறுப்புக்குப் பக்கத்தில் போகிற ஊதா. மேலே சாம்பல் தூவினாற்போல் ஒரு மாவுப் பூச்சு. ஊதாக் களிமண்ணோடு கொஞ்சம் கறுப்பைச் சேர்த்துப் பிசைந்து சிறு உருண்டைகள் பிடித்து, சுடுமுன் வெள்ளை சாக்பீஸ் தூளை மெல்லிய பிரஷ்ஷால் தடவிப் பாருங்கள். கையால் துடைக்கத் தோன்றும், அப்படி வரும்.

வரையத் தெரியாதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். களிமண்ணைச் சப்பாத்தி போலத் தேய்த்து, இலையின் அடிப்பக்கம் மண்ணில் படும்படி வைத்து, ஒரு கண்ணாடி பாட்டிலால் ஒருமுறை அழுத்தி உருட்டி எடுத்தால் நரம்பெல்லாம் அப்படியே விழும். மேற்பக்கம் வழுவழுப்பாக இருக்கும், அதில் பெரிதாக ஒன்றும் பதியாது. கொய்யா இலையும் தேக்கிலையும் நன்றாகப் பதியும். உண்ணிச்செடி இலை சொரசொரப்பானது; அதன் பதிவு அழகோ அழகு. கறிவேப்பிலையில் நரம்பு எடுப்பாக இல்லாததால் எனக்கு ஒருமுறையும் சரியாக வரவில்லை. ஒட்டாமல் இருக்க இலையில் லேசாகச் சோளமாவு தூவிக்கொள்ளுங்கள். கிழிந்த இலை, பூச்சி அரித்த இலை என்று ஒதுக்காதீர்கள். பூச்சி போட்ட ஓட்டைதான் சில சமயம் அந்தக் காதணியை வாங்க வைக்கும்.

சில சகோதரிகள் கேட்டார்கள்: மயில், கிளி, மனித முகம் இதெல்லாம் செய்யச் சொல்வீர்களா என்று. அதில் மனம் ஒப்பாதவர்கள் செய்ய வேண்டாம். இலை, கொடி, காய், கனி, பூ, விதை, நெல்மணி என்று நம் பள்ளத்தாக்கில் இருப்பதைச் செய்து முடிக்கவே ஆயுள் காணாது. நம் வீட்டு நகைகளின் பெயரையே யோசித்துப் பாருங்கள். மாங்காய் மாலை, மல்லிகை அரும்பு மாலை, மிளகு மணி, கோதுமை செயின். ஆசாரிமார்கள் தோட்டத்தையும் வயலையும் பார்த்துத்தானே தங்கத்தை அடித்திருக்கிறார்கள்? ஏழைக்கு மண் இருந்தது. நம் முல்லையாறு போய்ச் சேருகிற வைகையின் கரையில், கீழடியில் தோண்டியபோது சுடுமண் மணிகளும் காதணிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னேயே மண்ணைச் சுட்டுக் காதில் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் நாம் கையில் எடுக்கப்போவது அந்த மண் அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெயரில்தான் களிமண். உண்மையில் இது பிவிசி, அதாவது தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிளாஸ்டிக்கின் நுண்தூள். அதோடு அதை மெதுவாக வைத்திருக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளையும் நிறத்தையும் கலந்திருக்கிறார்கள். காற்றில் காயாது, சூட்டில்தான் இறுகும்.

இது வந்த கதையும் ஒரு வீட்டுப் பெண்ணின் கதைதான். ஜெர்மனியில் கேதே குரூஸே என்று ஓர் அம்மா, ஏழு பிள்ளைகளின் தாய். 1905-ல் தன் மகளுக்காக வீட்டில் துணிப் பொம்மை ஒன்று செய்தார். 1910-ல் பெர்லினில் ஒரு பெரிய கடையில் நடந்த கண்காட்சியில் அவருடைய பொம்மைகள் வைக்கப்பட்டன. அமெரிக்காவிலிருந்து 150 பொம்மைகளுக்கு ஆர்டர் வந்தது. வீடே பட்டறையானது. பின்னாளில் உலகப்போர்க் காலத்தில், பொம்மைத் தலை செய்யும் பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பிசையும் பிளாஸ்டிக்கை முயன்று பார்த்தார்கள். பொம்மைக்கு அது சரிப்படவில்லை. மகள் சோஃபி அதை எடுத்துக்கொண்டு போய்க் கைவேலைக்கான பொருளாக்கி, தன் செல்லப் பெயரான ஃபிஃபியைச் சேர்த்து விற்றார். 1964-ல் ஒரு பென்சில் கம்பெனி அதை வாங்கியது. அதுதான் இன்று கடையில் கிடைக்கும் ஃபிமோ. அமெரிக்காவின் ஸ்கல்ப்பி இன்னொரு வகை. தாய்க்கு உதவாத பொருள் மகளுக்கு உதவியது என்பதற்காகவே இந்தக் கதையை எங்கே போனாலும் சொல்வேன்.

இனி சூடு. தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள்.

கட்டியின் உறையிலேயே எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஃபிமோவுக்கு 110 டிகிரி, அரை மணி நேரம். வேறு சில வகைகளுக்கு 130 டிகிரி. போன வகுப்பில் ஒரு தங்கை, "இட்லிச் சட்டியில் வைத்து அவித்தால் ஆகாதா அக்கா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆவியின் சூடு 100 டிகிரியோடு நின்றுவிடும், அது போதாது. தோசைக்கல்லும் கூடாது, அதில் அடி கருகும், மேலே வேகாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது. சின்ன ஓ.டி.ஜி. ஓவன்தான் வேண்டும். அதோடு உள்ளே வைக்கிற ஒரு தெர்மாமீட்டர்.

அந்தத் தெர்மாமீட்டரை வாங்காமல் விட்டதுதான் நான் செய்த தவறு. கைத்தொழில் தொடங்கி ஏழாவது மாதம். தெரிந்த வீட்டில் கல்யாணம். மருதாணி வைக்கிற இரவில் வருகிற பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்க 40 ஜோடி திராட்சை இலைக் காதணி கேட்டார்கள். அதுவரை எனக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. ராத்திரி பகலாக இருந்து செய்தேன். ஓவன் திருகை 130-ல் வைத்துச் சுட்டேன். பார்க்க அத்தனை அழகு. கல்யாணம் முடிந்து பத்து நாளுக்குள் ஒவ்வொன்றாகச் சேதி வந்தது: கழற்றும்போது உடைந்தது, பையில் கிடந்தது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது என்று. மொத்தம் 11 ஜோடி. அப்புறம்தான் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். திருகில் 130 என்று காட்டும்போது உள்ளே 100-கூட எட்டவில்லை.

ஆவி பத்தாத இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டால் வெந்த மாதிரி இருக்கும், பிட்டால் உள்ளே மாவு. இதுவும் அப்படித்தான். அந்தப் பிளாஸ்டிக் தூள் ஒன்றோடொன்று உருகிச் சேர வேண்டும். சூடு குறைந்தால் இறுகினதுபோல் இருக்கும், ஆனால் சேர்ந்திருக்காது. நன்றாக வெந்த மெல்லிய இலையை விரலால் வளைத்தால் வளைந்து திரும்பும். இப்போது ஒவ்வொரு சூட்டிலும் ஒரு துண்டைக் கூடவே வைத்து, ஆறியபின் வளைத்துப் பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை.

கல்யாண வீட்டம்மா, "போகட்டும் விடும்மா, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததுதானே" என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. உடையாத 29 ஜோடியும் அதே சூட்டில் வெந்தவைதானே? நாற்பதையும் திரும்பச் செய்து, வீடு வீடாகக் கொண்டுபோய் மாற்றிக் கொடுத்தேன். அந்த ஆர்டரில் எனக்குக் கைநஷ்டம். ஆனால் மாற்றிக் கொடுக்கப் போன வீடுகளில் மூன்று இன்றைக்கும் என்னிடம் வாங்குகின்றன.

குறைந்த சூடு பொருளைக் கெடுக்கும். அதிகச் சூடு ஆளைக் கெடுக்கும். அளவுக்கு மீறிக் கருகினால் பிவிசியிலிருந்து அமிலப் புகை வரும். கண் எரியும், தொண்டை கரிக்கும். அப்படி நேர்ந்தால் ஓவனை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். இதற்கென்று வைத்த கத்தியும் தட்டும் பாட்டிலும் திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது. பிசைந்த கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும். பெயர் தெரியாத மலிவுப் பொட்டலங்களை வாங்காதீர்கள். உறையில் 'தாலேட் இல்லை' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மாடியறையில் வைத்தால் கட்டி சுடாமலேயே இறுகத் தொடங்கிவிடும். வீட்டில் எது குளிர்ந்த மூலையோ அங்கே வையுங்கள். பளபளப்புக்கு நகப்பூச்சு அடிக்காதீர்கள், நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற எமரித் தாளில் 400, 600, 1000 என்று வரிசையாகத் தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியால் துடைத்தாலே போதும்.

காதில் மாட்டுகிற கொக்கியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிவுக் கொக்கியில் நிக்கல் இருக்கும், பலருக்குக் காது புண்ணாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். காது என்றதும் நன்னி ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து அலுக்கத்து போட்டுக் காது மடலெல்லாம் ஓட்டை; பாரத்தில் தொங்கிப்போன காது அவர்களுக்கு. நாம் செய்கிற திராட்சைக் கொத்தை அவர்கள் காதில் மாட்டியபோது, "போட்டிருக்கனா இல்லையான்னே தெரியலியே" என்றார்கள். எடை இல்லாததுதான் இந்தப் பொருளின் பெரிய குணம்.

அதைச் சொல்லி விற்கலாம். ஆனால் 'மண் நகை' என்றோ 'இயற்கை நகை' என்றோ சொல்லி விற்காதீர்கள். அப்படி விற்பவர்கள் இருக்கிறார்கள். இது பிளாஸ்டிக், மக்காது. உருவம்தான் இயற்கை, பொருள் அல்ல. கேட்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சொன்னதால் ஒரு வியாபாரமும் எனக்குப் போனதில்லை. வெட்டிய ஓரத் துண்டுகளைக் குப்பையில் போடாமல் சேர்த்துப் பிசைந்தால், உள்ளே வைக்கும் மணிகளுக்கு ஆகும்.

இப்போது காசுக் கணக்கு. இதற்காகத்தான் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டி 57 கிராம். விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கழிவு போக எட்டு ஜோடி திராட்சை இலைக் காதணி வரும். அப்படியானால் ஜோடிக்கு மண் 31 ரூபாய். கொக்கியும் வளையமும் 10. அட்டை, கவர் 6. கரண்டும் எமரித் தாளும் 3. ஆக 50 ரூபாய். இந்த எட்டு ஜோடிக்கும் பிசைவது, வெட்டுவது, சுடுவது, தேய்ப்பது, கோப்பது எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் ஆகும். கை பழகினவர்களுக்கே அவ்வளவு.

இதை 120 ரூபாய்க்குக் கடையில் வைக்கிறோம். கடைக்காரர் நூற்றுக்கு 30 எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 84. செலவு போக 34. எட்டு ஜோடிக்கு 272 ரூபாய். ஒரு நாள் முழுக்கக் கண்ணைக் குத்திக்கொண்டு செய்ததற்கு 272 ரூபாய்! பின்னால் இருக்கிற அக்கா சிரிக்கிறார்கள் பாருங்கள். மலைக்குப் போனால் அதைவிடக் கூலி என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் நம்மில் பலர் இந்த 34-ஐக்கூடக் கணக்குப் பார்ப்பதில்லை. "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்கிறோம். எந்த வீட்டில் அம்மா பெண் சும்மா இருக்கிறாள்?

அதையே 250 ரூபாய்க்கு விற்றால், கடைக்கு 75 போக 175. செலவு 50 போக 125. எட்டு ஜோடிக்கு 1,000. இது கூலி. ஆனால் 250 கொடுத்து வாங்குகிறவள் அதே பூ டிசைனை எங்கே வேண்டுமானாலும் 80 ரூபாய்க்கு வாங்கலாமே, ஏன் நம்மிடம் வர வேண்டும்? அங்கேதான் மூணு பட்டை ஏலக்காய் வேலைக்கு ஆகும். குமுளிக்கும் தேக்கடிக்கும் வருகிற சுற்றுலாக்காரர்கள் ஏலக்காய்ப் பொட்டலம் வாங்காமல் திரும்புவதில்லை. அந்தக் கடைப் பலகையில், கையில் இருக்கிற காயைப்போலவே ஒரு காதணி தொங்கினால் திரும்பிப் பார்ப்பார்கள். அச்சில் வார்த்த ரோஜாப்பூவைப் பார்க்க மாட்டார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: தினமும் எட்டு ஜோடி விற்காது. எனக்கு விற்றதில்லை. கல்யாண மாதங்களில் கை ஓயாது. மற்ற மாதங்களில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைச் சமாளிக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் இதை நம்பி உடனே வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஆளுக்கொரு ஓவன் வாங்கவும் வேண்டாம். நம் அறக்கட்டளை வட்டியில்லாக் கடன் தருகிறது என்றதும் பெயர் கொடுத்தவர்களைப் பார்த்தேன். வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஓவன் வாங்குங்கள், வாரத்தில் ஒருவருக்கு ஒரு நாள் சுடும் முறை. முதல் இரண்டு மாதம் சப்பாத்தி மாவிலேயே இலை வெட்டிப் பழகலாம், ஒரு செலவும் இல்லை. தொழிலாகப் பதிய விரும்பினால் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கிற இடைத்தரகரிடம் போகாதீர்கள். கணவனை இழந்த, ஆதரவில்லாத சகோதரிகளுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் வகுப்பு. ஒவ்வொருவரும் ஒரு காலிக் கண்ணாடி பாட்டில், ஒரு ஸ்கேல், கணக்கு எழுத ஒரு நோட்டு, வருகிற வழியில் பறித்த ஏதாவது ஓர் இலை கொண்டு வாருங்கள். வாடிவிடாமல் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். அக்கா, நீங்கள் மட்டும் மலையிலிருந்து ஓர் ஏலப்பூவும் பச்சைக் காய் நாலும் கொண்டு வர முடியுமா? வெள்ளைப் பூவின் நடுவில் ஊதாக் கோடு ஓடும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்பதை நீங்கள்தான் எங்களுக்குக் காட்ட வேண்டும். வஸ்ஸலாம்.